பழைய அலுமினியப் பொடியும் ஓட்டல் துண்டும்



ஓர் ஆய்வு முடிவு செய்தித்தாளில் வந்துவிட்டால், அந்த விஷயம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அன்றைக்கு வேலை பாதிதான் முடிந்திருக்கும். மீதியை வேறு யாரோ, வேறு ஊரில், அதே காரியத்தைத் திரும்பச் செய்து பார்த்துத்தான் முடித்துவைக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதிக்குப் பேரும் கிடைப்பதில்லை, பணமும் கிடைப்பதில்லை. இது சரியல்ல என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத மூன்று துறைகளை எடுத்துக்கொள்கிறேன்: கரிம வேதியியல், பரம்பரையாக வரும் மொழிக் கோளாறு, ஓட்டல் வணிகம். ஒரே துறையிலிருந்து மூன்று உதாரணம் காட்டினால், அது அந்தத் துறையின் குணம் என்று யாரும் ஒதுக்கிவிடலாம் அல்லவா?

முதலில் கொயினா. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான இது சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. நீலகிரியில் அரசாங்கமே அந்த மரத்தைப் பயிரிட்டதுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜாவாத் தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்குக் கொயினா தட்டுப்பாடு. அந்த நேரத்தில், 1944-இல், ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் வுட்வர்டும் வில்லியம் டோரிங்கும் கொயினாவைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. வுட்வர்டுக்கு அப்போது வயது 27. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தது கொயினோடாக்சின் என்ற முந்தைய கட்டம் வரைதான். அங்கிருந்து கொயினாவுக்குப் போகும் வழியை ஜெர்மானியர்களான பால் ராபேயும் கார்ல் கிண்ட்லரும் 1918-இலேயே சுருக்கமாக வெளியிட்டிருந்ததால், மிச்சத்துக்கு அதையே நம்பிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப் புத்தகங்களும் அப்படியே நம்பின. 2001-இல் கில்பர்ட் ஸ்டார்க் தம் சொந்த வழியில் கொயினாவைத் தயாரித்து வெளியிட்டபோது, ராபே சொன்ன வழி நடக்குமா என்று யாராவது சோதித்தார்களா, 1944-இன் வெற்றி ஒரு கட்டுக்கதைதானே என்று கேட்டார்.

கேள்விக்குப் பதில் 2008-இல் வந்தது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரன் ஸ்மித்தும் ராபர்ட் வில்லியம்ஸும், பழைய காலத்து உத்திகளை மட்டுமே கையாண்டு ராபேயின் படிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தார்கள். கடைசிப் படிக்கு அலுமினியப் பொடி வேண்டும். புதுப் பொடியைப் போட்டபோது விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காற்றுப் பட்டுப் பழசான பொடியைப் போட்டார்கள், கொயினா வந்தது. ஆக, ராபே பொய் சொல்லவில்லை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது காற்றுப் பட்ட பொடியாக இருந்திருக்க வேண்டும். அதையும் எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. கவனியுங்கள்: திரும்பச் செய்தவர்கள் ‘சரி’ என்றோ ‘தப்பு’ என்றோ முத்திரை குத்திவிட்டுப் போகவில்லை. தொண்ணூறு ஆண்டுகளாக எழுதப்படாமல் கிடந்த ஒரு நிபந்தனையை வெளியே எடுத்துவந்தார்கள். திரும்பச் செய்வதன் உண்மையான பலன் இதுவே.

இரண்டாவது, லண்டனில் ஒரு குடும்பம். ஆய்வுலகம் அதைக் கே.ஈ. குடும்பம் என்று மட்டுமே குறிப்பிடுகிறது. மூன்று தலைமுறையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பேச்சில் கடுமையான சிக்கல். 1990-இல் மொழியியலாளர் மிர்னா கோப்னிக், இவர்களுக்கு ஒருமை பன்மை, காலம் காட்டும் விகுதிகள் போன்ற இலக்கணக் கூறுகளே பிடிபடவில்லை என்று எழுதினார். உடனே ‘இலக்கண மரபணு’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஃபரானே வர்கா-காடெமும் அவருடைய குழுவினரும் அதே குடும்பத்தைத் திரும்ப ஆராய்ந்தபோது, இலக்கணம் மட்டுமல்ல, உதட்டையும் நாக்கையும் வரிசையாக அசைப்பதே இவர்களுக்குச் சிரமம் என்று தெரிந்தது. பொருளில்லாத ஒரு நீண்ட சொல்லைச் சொல்லிக் கொடுத்து, திரும்பச் சொல்லச் சொன்னால் தடுமாறினார்கள். 2001-இல் மரபணு கையில் கிடைத்தது: ஏழாவது குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்பி2. அது எலியிலும் இருக்கிறது, பாடும் பறவையிலும் இருக்கிறது. மற்ற மரபணுக்களின் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது. பறவைக்கு எந்த இலக்கணம்? மனிதனிடம் இது அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவியதற்குத் தடயம் உண்டு என்று 2002-இல் வந்த இன்னொரு பரபரப்பான முடிவும், 2018-இல் பல இன மக்களின் மரபணுக்களைப் பெரிய அளவில் சேர்த்துப் பார்த்தபோது நிற்கவில்லை. 2002 ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்கள் மிகக் குறைவு. விட்டுப்போன நிபந்தனை அங்கே அதுதான்.

ஓட்டலுக்கு வருவோம். குளியலறையில் ‘சுற்றுச்சூழலைக் காக்க, துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள்’ என்று ஓர் அட்டை வைத்திருப்பார்கள். நோவா கோல்ட்ஸ்டைன், ராபர்ட் சியால்டினி, விளாடஸ் கிரிஸ்கெவீஷியஸ் ஆகிய மூவரும் அமெரிக்காவின் தென்மேற்கில் ஓர் ஓட்டலில் அந்த வாசகத்தை மாற்றிப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வாசகத்துக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள்; ‘இங்கே தங்கும் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்று எழுதியதும் அது 44 சதவீதமானது. ‘இதே அறையில் தங்கியவர்கள்’ என்று எழுதியபோது இன்னும் கூடியது. விற்பனைத் துறையினருக்கு இது வேதவாக்காகிவிட்டது. ஆனால் 2014-இல் ஜெர்மனி ஓட்டல்களில் திரும்பச் செய்தபோது, புதிய வாசகம் பழையதை வெல்லவில்லை. அங்கே பெரும்பாலோர் ஏற்கெனவே துண்டை மறுபடியும் பயன்படுத்துகிறவர்கள். ‘மற்றவர்களும் செய்கிறார்கள்’ என்பது அவர்களுக்கு என்ன புதுச் செய்தி? 2016-இல் ஏழு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது, மொத்தத்தில் அந்த வாசகத்துக்குப் பலன் உண்டு என்றே தெரியவந்தது. ஆக, முதல் ஆய்வும் வீணில்லை, ஜெர்மனி ஆய்வும் வீணில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. வேதிப்பொருள் எங்கேயும் ஒன்றுதான், மனிதன் ஊருக்கு ஊர் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பார்கள். ஆனால் அலுமினியமும் குப்பிக்குக் குப்பி வேறாகத்தானே இருந்தது? எந்த வேறுபாடு முடிவை மாற்றும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. மனிதர் விஷயத்தில் அந்தத் தேவை கூடுதலே தவிரக் குறைவல்ல. ஓட்டல் துண்டுக்கெல்லாம் ஆராய்ச்சியா என்ற ஏளனமும் உண்டு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே ‘ஊரோடு ஒத்து நட’ தூண்டுதலைத்தான் மின் சிக்கனத்துக்கும் அரசுகள் நம்பியிருக்கின்றன.

பணம் பற்றிய மறுப்பு கனமானது. செய்ததையே செய்துகொண்டிருந்தால் புதிதாக எப்போது கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டாம். எதன் மேல் மற்றவர்கள் மாடி கட்டப்போகிறார்களோ, அந்த அடித்தளத்தைச் சோதித்தால் போதும். இது நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ என்ற வெளியீட்டை ராஜர் ஆடம்ஸ் முதலியவர்கள் 1921-இல் தொடங்கினார்கள். ஒருவர் அனுப்பும் செய்முறையை, ஆசிரியர் குழுவில் உள்ள இன்னொருவரின் ஆய்வுக்கூடத்தில் அப்படியே செய்து பார்த்த பிறகே இன்றுவரை அச்சில் ஏற்றுகிறார்கள். சரிபார்த்தவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. எந்தப் பொருள் எங்கே வாங்கியது, எப்படிச் சுத்தம் செய்தது என்ற குறிப்புகள் சில சமயம் செய்முறையைவிட நீளமாக இருக்கும். முனைவர் பட்டத்துக்கு ‘புதிய பங்களிப்பு’ மட்டுமே கேட்கும் நம் பல்கலைக்கழகங்கள், அந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு முடிவைத் திரும்பச் செய்து பார்த்ததை ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயமாக ஏற்கலாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.