ஏரிக்கு எவ்வளவு தண்ணி வரும்?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. ஏரிக்கு எவ்வளவு தண்ணி வரும்னு எஞ்சினியருங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறாங்க. அந்தக் கணக்கு நிஜத்தோட ஒத்துப்போகணும்னா நம்ம பங்கும் அதுல வேணும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

1 மில்லிமீட்டர் மழைன்னா 1 சதுர மீட்டர் தரையில 1 லிட்டர் தண்ணி. 100 ஹெக்டேர்ல 50 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 5 கோடி லிட்டர். ஆனா அவ்வளவும் ஏரிக்கு வராது. காஞ்ச மண்ணு முதல் மழையைக் குடிச்சிடும். அதே அளவு மழை மூணாவது நாளும் பெய்ஞ்சா ஓடி வரும். பாறை உடனே விட்டுடும், காடு மெதுவா விடும், வரப்புப் போட்ட நிலம் தேக்கி வைக்கும்.

இதுக்கெல்லாம் கணக்குல ஒவ்வொரு எண் இருக்கு. முதல்ல உத்தேசமாப் போடுவாங்க. பிறகு போன வருஷங்களோட மழையைக் கொடுத்து, கணக்கு சொல்ற தண்ணியையும் ஏரிக்கு வந்த தண்ணியையும் பக்கத்துல வச்சு எண்ணைத் திருத்துவாங்க. புது அரிசி வாங்கினா இட்லிக்கு உளுந்து அளவை மாத்திப் பார்க்கிறோமே, அது மாதிரி. திருத்தின பிறகு, அதுக்குப் பயன்படுத்தாத வேற ஒரு வருஷத்தை வச்சுச் சோதிக்கணும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. நம்ம குழு லெட்ஜர்ல ஒரு அக்கா கட்டின தவணையை இன்னொருத்தங்க பேர்ல வரவு வச்சா, மொத்தம் சரியாத்தான் வரும். ஆனா கணக்கு தப்பு. ஏரிக் கணக்கும் அப்படித்தான், தப்பான காரணத்தாலயும் ஒத்துப்போகும்.

எங்க ஊருல கணக்கு சொன்ன தண்ணி ஏரிக்கு வரல. மண்ணு கூடக் குடிக்குதுன்னு எண்ணை மாத்தியிருந்தா அன்னைக்கே கணக்கு ஒத்திருக்கும். நூறு நாள் வேலைக்குப் போற எங்க பெண்கள்தான் சொன்னாங்க, "சார், வரத்துக் கால்வாய் பூரா சீமைக்கருவேலம். மேல ரெண்டு தடுப்பணை வேற இருக்கு." வரைபடத்துல அது எதுவும் இல்ல. அவரை நடத்திக் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். தடுப்பணையைக் கணக்குல தனியாச் சேர்த்தாரு.

இது ஏன் முக்கியம்? தடுப்பணை நிறையிற வரைக்கும் தண்ணி வராது. நிறைஞ்ச பிறகு ஓடி வர்ற தண்ணி அதைத் தாண்டி ஏரிக்கு வரும். மண்ணு குடிக்குதுன்னே விட்டிருந்தா, பெருமழை அன்னைக்குக் கணக்கு குறைச்சுச் சொல்லும். கரையைக் காக்க ஆள் நிக்காது. அதே மாதிரி, ஏரி நிரம்பும்னு தப்பாச் சொன்னா நாம கடன் வாங்கி நெல்லு நடுவோம். பயிர் காய்ஞ்சா தவணை எங்கேருந்து கட்டுறது?

அதனால ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு போடுங்க. மழைமானியை தினமும் காலை 8.30 மணிக்குப் பாருங்க. வானிலைத் துறையும் அந்த நேரத்துலதான் அளக்குது. மழை இல்லாத நாள்ல 0 எழுதணும், காலியா விடக்கூடாது. மதகுப் பக்கம் இருக்கிற அளவுகோல்ல ஏரி மட்டத்தை எழுதுங்க. மாசம் ஒரு தடவை கிணத்துத் தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு டேப் விட்டு அளங்க. ஏரி மட்டம், கிணத்து மட்டம், தண்ணி வந்த நேரம் மூணும் கணக்கோட ஒத்தாத்தான் அதை நம்பலாம்.

பார்க்காத நாளுக்கு உத்தேசமா எழுதாதீங்க. "பார்க்கலை"ன்னு எழுதுங்க. நம்ம சேமிப்பு நோட்டுல காட்டுற நேர்மையை இந்த நோட்டுலயும் காட்டுவோம்.