வழிச்சோறும் பந்தியும்



முதல் தலைமுறையாக உயர்கல்விக்கு வரும் மாணவர்க்குரிய உதவிகளையும் வளங்களையும் ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்குமாறு அமைப்பாளர்கள் என்னைப் பணித்தபோது, மகிழ்ச்சியோடு சற்றே அச்சமும் எனக்கு உண்டாயிற்று. 1820இல் மிஷனரி ரேனியஸ் வந்திறங்கியது முதல் பள்ளிகளாகவே வளர்ந்த பாளையங்கோட்டையில், 1895இலேயே சாரா டக்கர் மகளிர் கல்லூரி தோன்றிய ஊரில், ஆற்றுக்கு அப்பால் பாரதியும் புதுமைப்பித்தனும் பயின்ற இந்துக் கல்லூரியின் நினைவு நீங்காத அவையில், கல்வியைப் பற்றிப் பேச வருகிறவன் தயங்குவது இயல்பே. இக்கௌரவத்தை எனக்கு அளித்தவர்களுக்கு மனமார்ந்த வந்தனம்.

கருத்தரங்கின் பொருளைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை இங்கே விரிப்பது மிகை. அட்டவணை வகுப்பு மாணவர்க்கென 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, 2010இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்க்கென வந்த தமிழ்ப்புதல்வன் திட்டம் ஆகியவற்றின் விதிகளையும் விளைவுகளையும் இன்றும் நாளையும் படிக்கப்படும் கட்டுரைகள் என்னைவிட நன்றாகவே எடுத்துரைக்கும். நெடுங்காலமாக என் மனத்தில் கிடக்கும் ஒரு சொல்லையும், நம் ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுக்காத ஓர் ஆதாரத்தையும் பற்றிப் பேச எனக்குச் சிறிது அவகாசம் தரும்படி வேண்டுகிறேன்.

என் இளமையில் இந்த ஜில்லாவில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செலுத்தும் கட்டணத்தைச் சம்பளம் என்றே சொன்னோம். ‘பையனுக்குச் சம்பளம் கட்டியாச்சா?’ என்பது ஜூன் மாதத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் விசாரணை. பாதி விலக்குப் பெற்றவன் அரைச் சம்பளக்காரன். படிப்பதற்காகப் பணம் பெற்றவனோ உபகாரச் சம்பளம் வாங்குகிறவன். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளந்ததனால் சம்பளம் எனப் பெயர் வந்தது என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். நெல் விளையும் ஆற்றங்கரையும் உப்பு விளையும் தூத்துக்குடிக் கடற்கரையும் அடுத்தடுத்து அமைந்த இந்நாட்டில் அவ்விளக்கம் செவிக்கு இனிப்பதில் வியப்பில்லை. ஆயினும், வடமொழியில் சம்பலம் என்னும் சொல் வழிப்பயணத்துக்குரிய உணவைக் குறிக்கிறது. நாம் கட்டுச்சோறு என்பதுவே அது. நம் சம்பளமும் அதுவே என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் நான் சொன்னபோது, இன்று நம்மிடையே இல்லாத மூத்த நண்பர் ஒருவர், தமிழ்ச் சொல்லை அயலாருக்குத் தாரை வார்க்கிறேன் என்று கடிந்து எழுதினார். அவருடைய புலமையை வணங்கியே இன்றும் நான் என் கருத்தை விடாதிருக்கிறேன். சொல் எந்தக் குலத்தில் பிறந்தது என்பது பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை; அது மடியில் கட்டிக் கொண்டுவரும் பொருளை நாம் இழந்துவிட்டோமே என்பதுதான் என் மனக்குறை. கட்டுச்சோறு புறப்படுமுன் கட்டப்படுவது. பயணம் முடிந்தபின் வந்து சேருவதை வேறு எப்பெயராலும் அழைக்கலாம், கட்டுச்சோறு என்று சொல்ல முடியாது.

நான் பி.யு.சி. படித்த ஆண்டில் எனக்கு அனுமதிக்கப்பட்ட உபகாரச் சம்பளம் மார்ச் மாதத்தில் வந்தது. அதற்குள் மெஸ் பாக்கிக்காக விடுதிப் பலகையில் என் பெயர் மூன்று முறை எழுதப்பட்டு, ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்பட்டு, என் தாயார் வீட்டிலிருந்த ஒரே பித்தளை அண்டாவை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருந்தார்கள். வந்த தொகையில் ஒரு காசும் குறையவில்லை. அரசாங்கக் கணக்கில் நான் முழு உதவி பெற்ற மாணவன். அண்டா மீளவில்லை. இன்று பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. எனினும் ஆதார் இணைப்பில் ஒரு பிழை, வருமானச் சான்றில் ஓர் எழுத்து மாற்றம் என்று மாதங்கள் கடந்துபோவதை இவ்வவையில் உள்ள ஆசிரியர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் என்னும் புதுமைப்பெண் முறையை, தொகை சிறிதாயினும், நான் மனமுவந்து பாராட்டுவதற்கு இதுவே காரணம்: வழியில் பசிக்கும்போது கையில் இருப்பதே வழிச்சோறு.

சோறு என்றதும் சேரன்மாதேவி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வ.வே.சு. ஐயர் 1922 இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின்னர் ஆற்றோரத்துச் சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலம், தேசியக் கல்வியின் ஒரு பெருங்கனவு. அதற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்பி, ஐயாயிரத்தைக் கொடுத்தும் இருந்தது. பிராமணச் சிறுவர் சிலருக்கு அங்கே தனிப் பந்தி என்ற செய்தி வெளிப்பட்டதும், வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எழுப்பிய கண்டனம் தமிழ்நாட்டையே கலக்கிற்று. அக்கலக்கம் அடங்குமுன்னரே, 1925 ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்க முயன்று ஐயர் உயிர்நீத்தார். ஐயர் தம் சொந்த வாழ்வில் சாதி வேற்றுமை பாராட்டாதவர் என்று அவருடைய அன்பர்கள் கூறுவதை நான் மறுக்கவில்லை. என் வழக்கு வேறு. நம் சரித்திர ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியைக் கட்சி வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே எழுதிப் பழகிவிட்டார்கள். பொதுப்பணம் பெற்ற ஒரு கல்வி நிலையத்தின் சமையற்கட்டுக்குள் சென்று, ‘எங்கள் பணத்தில் யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?’ என்று பொதுமக்கள் கேட்ட கேள்வி அது. மாணவர் உதவியின் வரலாற்றை எழுதுகிறவர் தொடங்கவேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு. இதை நான் முதலில் எழுதியபோது, சோற்றுப் பிரச்சினையைச் சரித்திரமாக்க முயல்கிறேன் என்று மதிப்புரை வந்தது. அந்த மதிப்புரையாளர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. மாணவனுடைய சரித்திரத்தில் சோற்றைக் காட்டிலும் பழைய அத்தியாயம் எது என்பதை மாலை விவாதத்தில் அவர் சொன்னால், திருத்திக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

கல்வியைப் பாமரர்க்குக் கொடுத்தது மிஷனா, அரசாங்கமா என்ற பழைய வாதத்திலும் சோற்றைக் காணும் இந்தப் பார்வை விடுபட்டுப்போகிறது. இரண்டு பக்கத்தாரும் அறிக்கைகளை மட்டும் படிக்கிறார்கள். மக்கள் தாமே திரட்டிய உதவி அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த விருதுநகரில், 1880களில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் அடுப்பேற்றுமுன் எடுத்துவைத்த பிடி அரிசி ஆதாரமாயிருந்தது. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கமோ மாணவர்க்குக் கடனாகப் பொருள் உதவி, சம்பாதிக்கத் தொடங்கியபின் திருப்பிச் செலுத்தச் செய்து, அப்பணத்தை அடுத்த மாணவனுக்குக் கொடுத்தது. அவை தம் சமூகத்தாருக்கென எழுந்தவை என்ற எல்லையை நான் மறைக்கவில்லை. ஆனால் பிடி அரிசி நாள்தோறும் எடுத்து வைக்கப்பட்டது; மார்ச் மாதத்துக்காக அது காத்திருக்கவில்லை.

உதவி மாணவனிடம் மட்டுமே சேரவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்பானிய வழி வந்த மாணவர்கள் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் பயிலும் கல்லூரிகளைத் தனி வகையாக 1992இல் சட்டம் ஏற்றது. மாணவன் கையில் தருவதோடு நில்லாமல், அவன் படிக்கும் கல்லூரிக்கே நூலகம், ஆய்வுக்கூடம், துணைப்பாடம் முதலியவற்றுக்கென நிதி தர வகைசெய்த முறை அது. இத்தகைய கல்லூரிகள் அம்மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றனவா, அல்லது மெய்யாகவே அவர்களுக்குப் பணி செய்கின்றனவா என்று அங்குள்ள அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் நமக்கும் வேண்டும். முதல் தலைமுறை மாணவர்களே பெரும்பான்மையாய் நிறைந்த கிராமப்புறக் கல்லூரிகள் நம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உண்டு. அவற்றின் நூலகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்பதை எந்தத் திட்டமும் கேட்பதில்லை.

பந்திக் கேள்வியும் பழங்கதை அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. உடன் படித்தவர்களே சாதிக் காழ்ப்பினால் வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். அதனை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பிரிவு வகுப்பறையோடு நிற்கவில்லை; அரசு விடுதிகளும் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் என்று வெவ்வேறு கூரைகளின் கீழ்த் தனித்தனியே வளர்ந்தன. 2025இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்னும் பொதுப்பெயர் வந்தது. பெயரை வரவேற்கிறேன். பந்தி ஒன்றாகவில்லையே என்று சேரன்மாதேவி கேட்ட கேள்வி, நூறு ஆண்டு கழித்தும் அதே ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருக்கிறது. பக்கஞ்சாராத ஆராய்ச்சியாளனாக இருப்பதே தலைமையுரைக்கு அழகு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இவ்விஷயத்தில் எனக்கு அது இயலாது.

நான் முன்னர்க் குறித்த ஆதாரம் விடுதி மெஸ் பேரேடு. செலவைத் தலைக்கு வகுத்து வசூலிக்கும் டிவைடிங் முறையில் எழுதப்பட்ட அந்தப் பழுப்பேறிய கணக்குப் புத்தகங்களை நாம் தணிக்கைக்குப்பின் எடைக்குப் போட்டுவிடுகிறோம். நான் பார்த்த சிலவற்றில், உணவு வேண்டாமென்று மாணவன் விலகிய நாள்களைக் குறிக்கும் மெஸ் கட் என்னும் பத்தி தனியே உண்டு. ஊருக்குப் போகிறவன் சனி, ஞாயிறுகளில் கட் எடுப்பான், அது இயற்கை. வகுப்புகள் நடக்கும் செவ்வாய், புதன்கிழமைகளில், மாதக் கடைசியில், ஒரே மாணவன் திரும்பத் திரும்பக் கட் எடுத்திருந்தால், அவன் ஊருக்குப் போகவில்லை. பசித்திருந்து பாக்கியைக் குறைத்திருக்கிறான். உதவித்தொகை வழங்கப்பட்ட நாளையும் அந்தப் பத்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் நம்மில் யாரும் இல்லை. அப்படிப் பார்த்தால், வழங்கிய தொகையைக் கூட்டி மகிழும் நம் அட்டவணைகளில் பல திருத்தம் பெறும் என்று நம்புகிறேன்.

அவ்வகைப் பேரேடுகள் மூன்றை, வைத்திருந்தவர்களின் அனுமதியோடு, மாணவர் பெயர்களை மறைத்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்து அறையில், சன்னலோரத்து மேசைமீது இருக்கின்றன. தாள் மிகவும் நைந்திருப்பதால் மெல்லத் திருப்பும்படி வேண்டுகிறேன். மதிய உணவுக்கு மணி அடிப்பதற்குள் ஒவ்வொருவரும் ஒரு பக்கமேனும் வாசித்துவிடுங்கள். இனி முதல் கட்டுரையைப் படிக்க அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.