இம்சை அரசனும் நாமும்

(திருப்பூரில் நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசச் சங்க மேடை ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். நம்மையும் பார்த்து நகைக்கும் படமாதலின் ஏற்றதே என்பது நமது துணிபு. 2006-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யையே குறிக்கின்றோம். ஷங்கர் தயாரிக்க, சிம்புதேவன் இயக்கிய இப்படத்தில் வடிவேலு இரட்டை வேடம் பூண்டார்.

புலிகேசி என்பது சளுக்க வேந்தர் பெயர். கதையோ வெள்ளையர் காலத்துச் சிற்றரசு ஒன்றைப் பற்றிய கற்பனை. பழைய சரித்திரப் படங்களின் முழக்கத்தையும் புகழ்மாலையையும் ஒரு கோழைக்குச் சூட்டியதே இதன் முதற்சிறப்பு. மல்லனுடைய உடலின்மேல் தன் முகத்தை வரையச் செய்கிறான் அரசன். முன்னோர் வீரத்தைத் தமதெனப் பேசித் திரிவார்க்கெல்லாம் அவ்வோவியம் ஒரு கண்ணாடியன்றோ?

நம்மைச் சுடும் காட்சி மற்றொன்று. சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் திறக்கிறான் அவன். அடிபடுவோர் குடிகள்; ஆதாயம் அடைவோர் ஆள்வோர் என்னும் உண்மையை நூறு பிரசங்கங்களினும் தெளிவாக அது உரைக்கின்றது.

குறைகளும் உள. ‘உத்தம புத்திர’னை நினைவூட்டும் இரட்டையர் கதை பழையது. நல்ல தம்பி அரியணை ஏறியபின் நகைப்புத் தளர்ந்து உபதேசம் மிகுகின்றது. பெண்மக்களுக்குத் தக்க பங்கில்லை. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. நகைப்பு முழுதும் அரசன்மேலேயே விழுகின்றது. மைதானத்துக்கு வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்று படம் கேட்கவில்லை. காண்போர், தாம் குற்றமற்றவரென்று எண்ணி வீடு திரும்புகின்றனர்.

எனினும் ஒன்று எண்ணுக. இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அரண்மனையில் வளர்ந்தவன் கொடியனானான். எளியோரிடை வளர்ந்தவன் நல்லவனானான். பிறப்பன்று, வளர்ப்பே மனிதனை ஆக்குவதென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நமது ஊரில் ஒரு பனியன் நூலாக இருந்து பெட்டியில் அடைபடுமுன் பின்னல், சாயம், கட்டிங், தையல், செக்கிங் எனப் பல கைகள் கடக்கின்றது. எக்கை எக்குலத்ததென்று அதை அணிபவர் கேட்பதில்லை. பிள்ளைகளின் கல்விக்கும் நலிந்தோர் உதவிக்கும் சங்கம் உழைப்பது முறை. அம்மைதானத்துக்கு ஆள் சேர்ப்பது முறையன்று. குடும்பத்தோடு இப்படத்தைக் கண்டு மனமார நகையுங்கள். நகைத்தபின், அம்மைதானத்தில் நமக்கும் ஓரிடம் இருந்ததோ என்று உங்கள் பிள்ளைகளோடு பேசுங்கள்.