அப்பத்தா ஒரு பக்கம், அம்மாச்சி ஒரு பக்கம்

மார்க்கையன்கோட்டையில் மார்கழிப் பனிக்குப் போர்வை தேடிப் பெட்டியைத் திறந்தால், அப்பத்தாவின் சுங்குடிச் சேலை கையில் தட்டுப்படும். கட்டவும் முடியாது, கழிக்கவும் மனம் வராது.

வங்காளத்துப் பெண்கள் இதற்கு அருமையான வழி கண்டார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலைகளை மூன்று நான்கு அடுக்காகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஓட்டுத்தையலால் இணைத்துவிடுவார்கள். நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். அதுதான் காந்தா. முடிச்சை அடுக்குக்குள் மறைத்து, இரண்டு பக்கமும் ஒரே பூ தெரியத் தைப்பதும் உண்டு. அது பெரும் பொறுமை கேட்கும் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா, கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பூவேலைக் காந்தாவான நக்ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் வீட்டிலும் தைக்கலாம். ஒரு முகம் அப்பத்தா சேலை, மறுமுகம் அம்மாச்சி சேலை, நடுவே தாத்தாவின் வேட்டி. நைலக்ஸ் வேண்டாம், பருத்தியே போதும். தைத்து முடித்ததும், யார் யாருடைய துணி என்று ஓரத்தில் நூலாலேயே பெயர் எழுதிவையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.