ஆலைக்கு இடம் தேர்தல்: எஃகுத் தொழில் தரும் படிப்பினைகள்



இயந்திரம் பழுதானால் மாற்றலாம். நிர்வாகத்தில் குறை நேர்ந்தால் திருத்தலாம். ஆனால், ஒரு பெரிய ஆலையை ஓரிடத்தில் நிறுவிய பின்னர் அதனைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தல் அரிது. அம்முடிவின் பலனையும் சுமையையும் ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு அந்த வட்டாரமே தாங்க வேண்டும். ஆதலால், இடத் தேர்வு என்பது முதலீட்டாளரின் கணக்கு மட்டுமன்று, நாட்டின் கணக்குமாகும். இதனை நமது எஃகுத் தொழிலின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

உற்பத்தியின்போது எடை குறையும் மூலப்பொருள்களைப் பயன்படுத்தும் ஆலை, அப்பொருள்கள் கிடைக்கும் இடத்தை ஒட்டியே அமையும் என்று ஜெர்மானியப் பொருளியல் அறிஞர் ஆல்ஃப்ரெட் வெபர் 1909-ஆம் ஆண்டில் எழுதினார். ஊதுலை வழியே ஒரு டன் எஃகு உருவாகச் சுமார் ஒன்றரை டன் இரும்புத் தாதுவும், முக்கால் டன் நிலக்கரியும் தேவைப்படுகின்றன. அந்நூல் வெளிவருவதற்கு முன்பே, 1907-இல் தொடங்கப்பெற்ற டாடா நிறுவனம் சாக்சி என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மயூர்பஞ்சின் தாது ஒருபுறம், ஜாரியாவின் நிலக்கரி மறுபுறம், சுபர்ணரேகை, கர்க்காய் ஆகிய இரு ஆறுகளின் நீர், அருகிலேயே இருப்புப்பாதை, எட்டும் தொலைவில் கல்கத்தாத் துறைமுகம். இவை ஒருங்கே அமைந்த அவ்வூரே 1919 முதல் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்னர் ஆராயப்பட்ட துர்க் மாவட்டத்து ராஜாராக் குன்றுகளில் தாது நிறைய இருந்தும், நிலக்கரி தொலைவில் இருந்தமையால் அவ்விடம் அன்று கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அதே தாதுவைக் கொண்டுதான் பிலாய் ஆலை 1959-இல் உற்பத்தியைத் தொடங்கியது.

இயற்கை அளித்த இத்தகைய வாய்ப்பைக் கொள்கை மாற்றிவிடக்கூடும். 1956 முதல் நடைமுறையிலிருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையின்படி, நாட்டின் எந்த மூலையிலும் எஃகு ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தது. தொலைவிலுள்ள மாநிலங்களிலும் தொழில் தழைக்க வேண்டும் என்னும் நோக்கம் நல்லதே. ஆனால், சுரங்கத்தின் பக்கத்தில் தொழில் தொடங்குவோருக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் மறைந்துபோயிற்று. எஃகைப் பயன்படுத்தும் பொறியியல் ஆலைகள் சந்தையும் துறைமுகமும் உள்ள மேற்கு, தெற்கு மாநிலங்களை நாடின. பருத்தி போன்ற பொருள்களுக்கு இத்தகைய சமன்பாடு இல்லாதிருந்தமையால், பீகார், ஒரிசா, மேற்கு வங்கம் ஆகியவற்றின் மனக்குறை நியாயமானதே. எஃகைப் பொறுத்தவரை இக்கொள்கை 1992-இல் கைவிடப்பட்டது. எனினும், இடையில் வேறிடத்தில் வேரூன்றிய ஆலைகள் திரும்பி வரவில்லை.

மானியத்தின் கதையும் இதனை ஒத்ததே. பிற்பட்ட மாவட்டங்களுக்கு 1971 முதல் 1988 வரை மைய அரசின் முதலீட்டு மானியம் வழங்கப்பட்டது. ஆனால், பெருநகரங்களை அடுத்திருந்த பகுதிகளே அதனால் மிகுதியாகப் பயனடைந்தன. அந்நாளில் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஒசூர் வளர்ந்ததற்குச் சலுகை மட்டுமே காரணமன்று; பெங்களூரின் அண்மையும் காரணமாகும்.

விசாகப்பட்டினம் மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 1966-இல் எழுந்த மக்கள் கிளர்ச்சியில் உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. 1970-இல் பிரதமர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் ஆலையை அறிவித்தார். 1992-இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நிலக்கரியை இறக்குமதி செய்யக் கடற்கரை ஏற்ற இடமே. ஆயினும், ஆலைக்குச் சொந்தமான இரும்புத் தாதுச் சுரங்கம் ஒதுக்கப்படவில்லை. தாதுவைச் சந்தை விலைக்கு வாங்க நேர்ந்தது அதன் நிதி நெருக்கடிக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. 2021-இல் அதன் பங்குகளை விற்கக் கொள்கையளவில் முடிவு செய்யப்பட்டது. 2025-இல் 11,440 கோடி ரூபாய் புத்துயிர்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இடம் வேறு, மூலப்பொருள் உரிமை வேறு. முன்னதை மட்டும் முடிவு செய்துவிட்டுப் பின்னதைத் தள்ளிப்போடுதல் ஆகாது என்பதே இதன் பொருள்.

இறுதியாக, எந்தத் திட்ட அறிக்கையிலும் மிகக் குறைவாக மதிப்பிடப்படுவது, அவ்விடத்தில் ஏற்கெனவே வாழ்பவர்களின் இழப்பு. 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்துக்கு விலை தந்தது. வாழ்வுக்கு மாற்று வகுக்கவில்லை. கூலிக்கு உழுதவருக்கும் மேய்ச்சல் நிலத்தை நம்பியவருக்கும் அதில் பெரும்பாலும் இடமில்லை. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மறுவாழ்வையும் சேர்த்துக்கொண்டது. அம்மதிப்பீட்டைக் கோப்பில் இணைக்கும் ஒரு தாளாகக் கருதாமல், இடத்தையே மாற்றக்கூடிய ஆதாரமாக நாம் கருத வேண்டும்.

எனவே, எந்த ஓர் இடத்தைப் பரிந்துரைக்கும் முன்பும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். சலுகைகள் அனைத்தும் நின்றுபோனாலும் இவ்வாலை இங்கே நிலைக்குமா? மூலப்பொருளும் நீரும் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? இடம் தருபவருக்கு ஆலையில் என்ன இடம்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும் இடமே தகுதியான இடம். விடை கிடைக்காதபோது, அடிக்கல் நாட்டும் நாளைத் தள்ளி வைப்பதால் நாடு ஒன்றும் இழந்துவிடாது.