நரம்பில் ஓடும் பைக்



செராமிக் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், மன்னிக்கணும்.

கம்மாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் ஷேடோரன் ஆடுகிறோம். அமெரிக்காவில் ஃபாசா என்ற கம்பெனி 1989-இல் வெளியிட்டது. கதை நடப்பது 2050-இல். தாயம் மாதிரி கட்டம் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரமாகவே பேசி, ஆறு பக்கப் பகடை உருட்டுவார்கள். அதில் ரிக்கர் என்று ஓர் ஆள். மூளையில் கருவி பொருத்தி, ஒயரைச் சொருகினால் வண்டியே அவன் உடம்பு. நினைத்தால் திரும்பும்.

என் அக்கா மகன் ரிக்கரைத்தான் எடுத்தான். பைக் விபத்துக்குப் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

வண்டி யமஹா ரேப்பியர். துப்பாக்கியும் வேணும், கவசமும் வேணும் என்றான். பைக் தாங்குமா? இரும்பின் அடர்த்தி 7.8, அலுமினா 3.9, போரான் கார்பைடு 2.5 என்று எழுதிக் காட்டினேன். செராமிக் தகடு குண்டின் முனையை நொறுக்கும். பின்னால் உள்ள நார் அடுக்கு மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். புத்தகத்தில் இவ்வளவு விவரம் இல்லை, நாங்களாகச் சேர்த்ததுதான். பையன் போரான் கார்பைடு போட்டு, மிஞ்சிய எடையில் துப்பாக்கியை ஏற்றிவிட்டான்!

சண்டை வந்தது கருவியில்தான். ஆரம்பப் பதிப்புகளின் விதிப்படி மனிதனுக்கு எஸ்ஸன்ஸ் 6 புள்ளி. கருவியின் முதல் தரத்துக்கு 2 போகும், இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 5. பூஜ்யமானால் ஆள் காலி. தரம் ஏற ஏற, யார் முந்துவது என்பதற்கு ஒவ்வொரு பகடை கூடும். அதுவும் வண்டியோடு இணைந்திருக்கும்போது மட்டும். அவன் மூன்றாவதைக் கேட்டான்.

"ஒண்ணுதாண்டா மிஞ்சும். அப்புறம் நீ மனுஷனா?"

"உங்க கணக்குல இப்ப எனக்கு எத்தனை மாமா?"

பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் செய்த ஊர்க்காரன் நான். பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக இருப்பது அலுமினா என்று பரீட்சையில் எழுதியவன். காது கேளாதவர்களுக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியிலும் ஈரம் புகாமல் கம்பியை வெளியே கொண்டுவருவது செராமிக்தான். 2004-இல் அமெரிக்காவில், கைகால் செயலிழந்த ஒருவர் மூளையில் பதித்த மின்முனைகளால் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறியை நகர்த்தினார். பைக் ஓட்ட அது போதாது. அவனிடம் அதையும் சொன்னேன். "சரி, அதுவரைக்கும் இது," என்று தாளில் 3 போட்டுக்கொண்டான். நான் அழிக்கவில்லை.

போன ஞாயிறு மழையில் வண்டி சறுக்கியது. பகடை கைகொடுத்து நிமிர்ந்துவிட்டான். துப்பாக்கியை இதுவரை ஒரு தடவைகூடச் சுடவில்லை.

மாணவர்கள் யாராவது ஞாயிறு வந்தால் ஆட இடமிருக்கிறது.