பறப்பதற்கு முன் ஒரு தரைப் பயணம்



தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்குக் குடிபோகும்போது நம் தாய்மார்கள் லோரிக்காரரிடம் என்ன சொல்வார்கள்? "தம்பி, கண்ணாடி அலமாரியைப் படுக்க வைக்காதீங்க. சாமி படங்களுக்கு நடுவிலே பாயைச் சொருகுங்க" என்பார்கள். வீட்டில் கட்டிய விமானத்தைச் சாலை வழியே நெடுந்தூரம் கொண்டு செல்பவர்களுக்கும் இதே அறிவுதான் வேண்டும்.

வீட்டில் விமானம் கட்ட முடியுமா என்று கேட்பீர்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாதவர், பேச முடியாதவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்து ஆசை கொண்டார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், பல ஆண்டுகள் உழைத்து, இருவர் அமரும் இலகு விமானம் ஒன்றைக் கட்டினார். 2014-ஆம் ஆண்டில் அது பறந்து பார்த்த இடம் அவருடைய ஊர் அன்று. மலைக்கு இப்புறம், தமிழ்நாட்டின் மணிமுத்தாறு. மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கீழே இறக்கி, கண்காட்சித் திடலில் மீண்டும் பூட்டி நிறுத்தினார்.

ஆக, வீட்டில் பிறக்கும் விமானம் வீட்டிலிருந்தே பறப்பதில்லை. பெர்மாஸ் ஜெயாவில் ஒருவர் தம் கொட்டகையில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெர்மாஸ் பாலத்தைக் கடந்து ஓடுபாதை உள்ள இடத்துக்குத்தான் அதை எடுத்துப் போக வேண்டும். லோரியின் அகலமோ ஏறத்தாழ இரண்டரை மீட்டர். சிறிய விமானத்துக்கும் இறக்கைகள் விரிந்தால் எட்டு, பத்து மீட்டர் வரும். ஆகையால் உடலையும் இறக்கையையும் தனித்தனியே கட்டி, பாதி வேலை முடிந்த நிலையில் ஏற்றிச் சென்று, அங்கே பூட்டுவார்கள்.

விமானம் காற்றைத் தாங்கக் கட்டப்பட்டது; சாலைக் குழியின் குலுக்கலைத் தாங்க அன்று. இறக்கையின் மேல்தோல் மெல்லியது. அதைத் தட்டையாகக் கிடத்தி மேலே சாமான் அடுக்கினால் நசுங்கும். முன்விளிம்பு கீழே இருக்கும்படி, மெத்தை வைத்த மரத் தொட்டிலில் நிறுத்திக் கொண்டு போவார்கள். உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் இருக்கும் இடத்தில்தான் தொட்டில் தாங்க வேண்டும். உடற்பகுதியைச் சக்கரக் கால், எஞ்சின் பொருந்தும் இடம் போன்ற உறுதியான பகுதிகளில் கட்ட வேண்டும். வால் சுக்கானைக் கழற்றிவிட வேண்டும். அல்லது அசையாமல் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டத்தின் காற்று அதை அடித்து அடித்து ஒடித்துவிடும். தளர்ந்து படபடக்கும் கித்தான்கூடக் கண்ணாடியைத் தேய்த்துக் கீறும். கழற்றிய திருகாணிகளைச் சிறு பைகளில் போட்டு, எது எங்கே பொருந்தும் என்று எழுதி வைக்க வேண்டும். புறப்பட்டுச் சில கிலோமீட்டரில் நிறுத்திக் கட்டுகளைப் பார்க்க வேண்டும். குலுக்கலில் அவை தளர்ந்திருக்கும்.

இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ரைட் சகோதரர்கள் 1907-இல் தங்கள் விமானத்தைப் பெட்டிகளில் அடைத்துப் பிரான்சுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். 1908 ஜூனில் வில்பர் அவற்றைத் திறந்தார். விலாச் சட்டங்கள் முறிந்திருந்தன, துணி கிழிந்திருந்தது. தம்பி ஆர்வில் சரியாக அடுக்கவில்லை என்று கடிந்து கடிதம் எழுதினார். பிறகுதான் தெரிந்தது, துறைமுகச் சுங்கத்தார் பிரித்துப் பார்த்துவிட்டுத் தாறுமாறாகத் திணித்திருக்கிறார்கள் என்று. பழுதுகளைச் சரிசெய்து அவர் பறந்தது ஆகஸ்ட் 8-ஆம் நாள்தான்.

முறிந்தது கண்ணுக்குத் தெரிந்ததால் வில்பர் தப்பினார். தெரியாத விரிசலே பேராபத்து. நாற்காலியின் கால் விரிந்தால் நாம் தரையில் விழுவோம். இறக்கையின் சட்டம் வானத்தில் விட்டால் உயிரே போகும். ஆகவே, போய்ச் சேர்ந்ததும் பூட்டுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் வெளிச்சத்தில் வைத்துத் தடவிப் பார்ப்பது கட்டாயம்.

பெற்றோர்களே, கயிறு கட்டத் தெரிந்தவரையும் லோரியை மெல்ல ஓட்டுபவரையும் நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் ஒருவர் பல ஆண்டு உழைத்துக் கட்டியது அந்தச் சில மணி நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. பறக்கப்போகிறவரின் உயிரும் அவர்கள் போட்ட முடிச்சை நம்பியிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் சாமான் ஏற்ற உதவ வந்தால் விரட்டாதீர்கள். எதை நிறுத்துவது, எதைப் படுக்க வைப்பது, எங்கே கட்டுவது என்று காரணம் சொல்லிக் கற்றுக்கொடுங்கள்.